கதவைத் தாண்டாத கிண்ணம்

காலை 11:10. கடைசல் பட்டறை அலமாரியில் வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. கிண்ணத்தைக் காணோம்.

"ஐயோ, என் கிண்ணம்!" என்று கடைசல்காரரின் மனைவி அலறினாள். நன்றாகக் காய்ந்த மரத்தில் அவளே கடைந்து, அவளே எண்ணெய் தேய்த்து மெருகேற்றியது. புருஷனும் பெண்டாட்டியும் கண்காட்சிக்கு ஆளுக்கொன்று காட்டியதில் அவளுடையதுதான் தேறியது. மாலை ஐந்துக்குள் அது போய்ச் சேர வேண்டும்.

11:40. இன்ஸ்பெக்டர் வந்தார். பட்டப்பெயர் 'தும்மல்'. தூசி பட்டால் அடுக்கடுக்காக வரும். ஊரே சிரிக்கும், திருடர்கள் மட்டும் சிரிக்க மாட்டார்கள்.

"நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

"பத்து மணிக்குக் கிண்ணம் அலமாரியில இருந்துச்சு. அப்பலேருந்து வாசப்படியிலதான், சார். தெருவைப் பார்த்து உக்காந்து கிண்ணத்துக்குப் பெட்டி அடிச்சேன். இருக்கறதே ஒரு கதவு. என்னைத் தாண்டி ஒரு ஈ போகல."

"சத்தம் ஏதாவது?"

"மெஷின் சத்தம்தான். நடுவுல கீச்சுனு மாறுச்சு. உளியை மாத்தியிருப்பார்னு நெனச்சேன்."

அடுத்து பாலிஷ்காரர். "உள் ரூம்ல கதவைச் சாத்திட்டு நாற்காலிக் காலுக்குப் பாலிஷ் போட்டேன், சார். தூசி விழக்கூடாதில்ல?"

"இவன்தான் சார்!" கடைசல்காரர் பாய்ந்தார். "கிண்ணத்துக்கு மெருகு அவளே போட்டுக்கிட்டாளேன்னு ஒரு வாரமா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கான்."

பாலிஷ்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நீங்க என்ன செஞ்சீங்க?" என்று இன்ஸ்பெக்டர் கடைசல்காரரைக் கேட்டார்.

"காலையிலேருந்து பச்சை மரம் கடையறேன். பாருங்க, எவ்வளவு ஈரம். நான் நிக்கறப்ப என் மெஷினை வேற யாரும் தொடவே விடமாட்டேன்."

இரண்டு அறைகளையும் தலைகீழாகப் புரட்டியாயிற்று. ஜன்னல் கம்பிக்குள் கைகூட நுழையாது. கடைசியில் இன்ஸ்பெக்டர் மெஷினடியில் குவிந்திருந்த மரச் சீவலைக் காலால் கிளறினார். ஏழு தும்மல்.

12:05. "கிண்ணம் வெளிய போகவே இல்லம்மா. இதோ கிடக்கு."

எல்லோரும் சீவல் குவியலைப் பார்த்தார்கள்.

"பச்சை மரம்னா ஈரச் சுருளா விழும். தூசி பறக்காது, எனக்கும் தும்மல் வராது. மேல சுருள்தான். அடியில காஞ்ச தூள். இந்தச் சில்லைப் பாருங்க, ஒரு பக்கம் எண்ணெய் மெருகு. கிண்ணத்தைத் திருப்பி மெஷின்ல மாட்டி, தூளாகற வரைக்கும் கடைஞ்சாச்சு. கீச்சுனு சத்தம் மாறினது அப்பதான். பிறகு பச்சை மரத்தைக் கடைஞ்சு மூடியாச்சு." கடைசல்காரரிடம் திரும்பினார். "மெஷினை வேற யாரும் தொடலைன்னு நீங்களே சொன்னீங்க. மிச்சமான அடித்துண்டு சட்டைப் பையிலயா?"

கடைசல்காரர் பையிலிருந்து எடுத்து வைத்தார். காசளவு வட்டம்.

"வயிறு எரிஞ்சுது, சார். உளி பிடிக்கக் கத்துக்குடுத்ததே நான். இப்ப வர்றவன் எல்லாம் 'அம்மா இருக்காங்களா'ன்னு கேக்கறான்."

அவள் அழவில்லை. "கடையறப்ப எங்கயாவது உளி தட்டுச்சா?"

"இல்ல. அடி முதல் விளிம்பு வரை ஒரே கனம். ஒரு நூல் பிசகல."

"முதல்ல பாலிஷ் அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேளுங்க."

கேட்டார். அவள் காய்ந்த கட்டை ஒன்றைத் தூக்கி வந்தாள். "அண்ணே, இந்தத் தடவை எண்ணெய் நீங்க போடுங்க. ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருக்கு."

பிறகு புருஷனைப் பார்த்தாள். "நகருங்க."

தான் நிற்கும்போது யாரையும் மெஷினைத் தொட விடாதவர், நகர்ந்தார்.