பன்னிரண்டு சைக்கிள்களும் ஒரு விண்ணப்பமும்

செப்டம்பர் மாதத்திலிருந்து நோவாக் வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூட முடியாது. மூத்தவள் கோரா பன்னிரண்டாம் வகுப்பு. நூறு பேர் விண்ணப்பித்தால் நாலு பேருக்கு மட்டும் இடம் தருகிற ஒரு பல்கலைக்கழகத்தில்தான் படிப்பேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

அங்கே மதிப்பெண் மட்டும் போதாது. படிப்பைத் தவிர வேறு என்ன செய்தாய் என்றும் கேட்பார்கள். அதற்காகக் கோரா வயலின் வாசித்தாள், விவாதப் போட்டிகளுக்குப் போனாள். கோடை விடுமுறையில் ஒரு சங்கம்கூடத் தொடங்கினாள். 'எல்லோருக்கும் சைக்கிள்' என்று பெயர். தலைவி கோரா. உறுப்பினர் அவளுடைய தங்கை ஹேட்டி, வயது பதினொன்று. வேறு யாரும் இல்லை.

வீடுகளில் சும்மா கிடக்கும் பழைய சைக்கிள்களை வாங்கிச் சரிசெய்து, சைக்கிள் இல்லாத பிள்ளைகளுக்குக் கொடுப்பது அவர்கள் திட்டம். பன்னிரண்டு சைக்கிள்கள் சேர்ந்தன. நூலகத்தில் ஒட்டிய தாளில் பன்னிரண்டு பிள்ளைகள் பெயர் எழுதிவைத்தார்கள். கோரா ஸ்பேனரும் கையுமாக ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் ஹேட்டியும் ஒரு ஸ்பேனரைப் பிடித்திருந்தாள், தலைகீழாக.

அதோடு சரி. பள்ளி திறந்தது. பன்னிரண்டு சைக்கிள்களும் கார் ஷெட்டில் காற்றிறங்கிக் கிடந்தன.

அப்பாவின் கார் தெருவில் நின்றது. அமெரிக்காவின் வடக்கே இருக்கும் விஸ்கான்சினில் அக்டோபரிலேயே உறைபனி படிந்துவிடும். தினமும் காலையில் கார் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டே, "எல்லாருக்கும் சைக்கிளாம். எனக்கு மட்டும் குளிராம்" என்று அப்பா முணுமுணுப்பார்.

ஹேட்டியின் தொல்லை வேறு. அது ஒவ்வொரு புதன்கிழமையும் நாலு மணிக்கு வந்து அழைப்பு மணியை அடித்தது.

"என் சைக்கிள் ரெடியா?"

அவள் பெயர் மரிசோல். அடுத்த தெரு, நாலாம் வகுப்பு. சைக்கிள் கிடைக்கப் போகிறது என்று கேள்விப்பட்டு அவளுடைய அத்தை பிறந்தநாளுக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு ஹெல்மெட் வாங்கித் தந்திருந்தார். அதை மாட்டிக்கொண்டுதான் வருவாள். இன்றைக்கே ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்ற நம்பிக்கை அவளுக்கு.

"இல்ல மரிசோல். செயின் வரணும்" என்றாள் ஹேட்டி.

"போன வாரம் பிரேக்னு சொன்னியே?"

"பிரேக்கும் வரணும்."

"பரவால்ல. ரெண்டும் வரட்டும்" என்று சொல்லிவிட்டு மரிசோல் ஹெல்மெட்டோடு நடந்து போனாள். சண்டை போட்டிருந்தால்கூட ஹேட்டிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இப்படி நம்பிவிட்டுப் போனதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அன்று மாலை கோரா கூப்பிட்டாள். "ஹேட்டி, இதைச் சத்தமா படி. கேக்க எப்படி இருக்குன்னு பாக்கணும்."

கணினித் திரையில் விண்ணப்பம் இருந்தது. ஹேட்டி படித்தாள். "நானே தொடங்கிய சங்கத்தின் மூலம் பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சைக்கிள் வழங்கினேன்." படித்துவிட்டு நிமிர்ந்தாள். "யாரு அந்தப் பன்னிரண்டு பேரு?"

"அதான், பேரு எழுதினாங்களே."

"பேருதானே எழுதினாங்க? சைக்கிள் எல்லாம் நம்ம ஷெட்லதானே இருக்கு?"

"குடுக்கத்தானே போறோம். நவம்பர் ஒண்ணாம் தேதிக்குள்ள நான் இதை அனுப்பணும். எல்லாரும் இப்படித்தான்டி எழுதறாங்க."

"மரிசோல் வாராவாரம் வரா, கோரா."

"ஏதாவது சொல்லி அனுப்பிடேன்."

"ரெண்டு பொய் சொல்லிட்டேன். கைவசம் இருந்தது அவ்வளவுதான்."

கோரா திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பாவிடம் போய்ச் சொல்லலாமா என்று ஹேட்டி யோசித்தாள். சொன்னால் வீட்டில் பெரிய ரகளை நடக்கும். அப்புறமும் சைக்கிளின் செயின் கழன்றேதான் கிடக்கும்.

அடுத்த புதன்கிழமை நாலு மணிக்கு அழைப்பு மணி அடித்தது.

"ரெடியா?"

ஹேட்டி மூச்சை இழுத்துக்கொண்டாள். "மரிசோல், நான் உங்கிட்ட பொய் சொல்லிட்டேன். செயினும் வரப் போறதில்ல, பிரேக்கும் வரப் போறதில்ல. உன் சைக்கிளை யாரும் தொடவே இல்ல. மன்னிச்சுக்கோ."

மரிசோலின் முகம் சுருங்கிப்போனது. ஹெல்மெட் வாரைக் கழற்றப் போனாள்.

"அதைக் கழட்டாதே. வா, நாமளே பாக்கலாம்."

இரண்டு பேரும் ஷெட்டுக்குள் போனார்கள். சிவப்பாக ஒரு சின்ன சைக்கிளை இழுத்து வெளியே போட்டார்கள். முதலில் அதன் பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டும் என்பது வரை ஹேட்டிக்குத் தெரியும். எப்படிக் கழற்றுவது என்றுதான் தெரியாது. ஒரு சுத்தியலை எடுத்து நட்டின் மேல் ஓங்கித் தட்டினாள். டங்! இன்னொரு தட்டு. டங்!

அக்காவின் ஜன்னல் ஷெட்டுக்கு நேர் மேலே இருக்கிறது. யாராவது ஒரு வேலையைத் தப்பாகச் செய்தால் அக்காவால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இதெல்லாம் தெரிந்துதான் ஹேட்டி தட்டினாளா? நாம் கேட்டால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. "என்ன கூத்து இது? நான் கட்டுரை எழுத வேண்டாமா?" என்று கத்திக்கொண்டே வந்த கோரா, சுத்தியலைப் பார்த்ததும் கட்டுரையை மறந்தாள். "ஐயையோ! நட்டை யாராவது அப்படித் தட்டுவாங்களா? தள்ளு, தள்ளு!"

"அப்ப எப்படித்தான் கழட்டறது?" என்றாள் மரிசோல்.

கோரா அப்போதுதான் அவளைப் பார்த்தாள். சைக்கிள் இல்லாமலேயே ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நிற்கும் சின்னப் பெண்.

"நீதான் மரிசோலா?"

"ஆமா. நீதான் தலைவியா?"

கோராவின் காது சிவந்தது. தரையில் உட்கார்ந்து ஸ்பேனரை எடுத்தாள். சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கு வேலை நன்றாகவே தெரியும். கோடையில் அப்பாவிடம் கேட்டுக் கேட்டு ஆசையாகக் கற்றுக்கொண்டதுதான். நட்டு சுழன்று வந்தது. டியூபில் பஞ்சர் ஒட்டினாள். செயினைப் பல்சக்கரத்தில் மாட்டினாள். கையெல்லாம் கறுப்பு கிரீஸ் அப்பியது. மூக்கு அரித்தபோது கையால் சொறிந்துகொண்டதில் மீசையும் முளைத்தது. மரிசோல் சிரித்ததைப் பார்த்துக் கோராவும் சிரித்துவிட்டாள்.

ஐந்தரை மணிக்கு மரிசோல் தெருவில் ஓட்டினாள். முதலில் வளைந்து வளைந்து போனாள். பிறகு நேராகப் போனாள். பிறகு, "அத்தை! அத்தை, வெளிய வா!" என்று கத்திக்கொண்டே மூலை திரும்பிப் போய்விட்டாள்.

கோரா அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஹேட்டி, தேதிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

"ஒன்பது."

"தினமும் ஒரு மணி நேரம். நீ டியூபைக் கழட்டு. சுத்தியல் பக்கம் மட்டும் போகாதே."

சாப்பாட்டு மேசையில் அம்மா பதறிப்போனாள். "தினமும் ஒரு மணி நேரமா? அப்ப கட்டுரையை யாரு எழுதறது?"

"நான்தாம்மா. எழுதிடுவேன்" என்றாள் கோரா. சொன்ன மாதிரியே எழுதினாள்.

நவம்பர் முதல் தேதி மாலை, பியரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையைச் சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் கணினியைச் சுற்றி நின்றார்கள். கோரா 'பன்னிரண்டு' என்பதை அழித்துவிட்டு 'நான்கு' என்று அடித்தாள்.

"நாலு கொஞ்சம் சின்னதா இருக்கேம்மா" என்றாள் அம்மா.

"சின்னதுதான். ஆனா யாராவது கேட்டா நாலு பேரையும் பேரோட சொல்லுவேன். மரிசோல், டெவின், அமீனா, அப்புறம் அந்தப் பல்லு விழுந்த பையன்..."

"ஃபெலிக்ஸ்" என்றாள் ஹேட்டி.

"ஃபெலிக்ஸ்." கோரா பொத்தானை அழுத்தினாள். விண்ணப்பம் போய்விட்டது. பதில் வர டிசம்பர் பாதி ஆகும். அப்பா கைதட்டினார், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. அக்கா மதியம் வரை தூங்குவாள் என்று ஹேட்டி நினைத்திருந்தாள். எட்டு மணிக்குக் கீழேயிருந்து புஸ், புஸ் என்று பம்ப் அடிக்கும் சத்தம் கேட்டது. இரவு உடையோடு ஓடிப் போய்ப் பார்த்தாள்.

கோரா தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு நீலச் சைக்கிள் தலைகீழாக நின்றது.

"விண்ணப்பம்தான் போயிடுச்சே. இன்னும் எதுக்கு?" என்றாள் ஹேட்டி.

கோரா அவளைப் புரியாமல் பார்த்தாள். "எட்டுப் பேரு காத்திருக்காங்கல்ல? அடுத்த பேரு யாருன்னு பாத்துச் சொல்லு, சீக்கிரம்."