பிக்கப்பில் ஒட்டிய மணல்

இன்னும் ஐம்பத்திரண்டு மணித்தியாலங்களில் கிறிஸ்டினுக்குக் கல்யாணம். பாலையூற்றில் அவள் வீட்டு வாசலில் மாப்பிள்ளை பேணாட் ஒரு கிட்டாருடன் நின்றான்.

“அக்கா, ஓடி வா! அத்தான் தாலிக்குப் பதிலா கிட்டார் கொண்டந்திருக்கிறார்!” கதவைத் திறந்த தங்கை சுலக்ஷனா கத்தினாள்.

பேணாட் சிரித்தான். கிறிஸ்டினுக்குச் சிரிப்பு வரவில்லை. அது அவள் முன்பு காதலித்த டிலக்ஷனின் கிட்டார்.

அறுபதுகளில் ஜப்பானில் செய்தது. துறைமுகத்தில் வேலை பார்த்த அவன் தகப்பனுக்கு ஒரு கப்பல்காரன் கொடுத்துவிட்டுப் போனது. கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் நாலு காந்தப் பிக்கப், ஒரு வரிசை சுவிட்சுகள், ஓரம் கறுத்த சிவப்பு உடம்பு. ஊரில் அப்படி இன்னொன்று கிடையாது. அவளைத் தவிர ஒருவரையும் அவன் அதைத் தொட விட்டதில்லை.

நாலு வருடத்துக்கு முன், பெற்றோலும் மாவும் கிடைக்காத காலத்தில், டிலக்ஷன் புல்மோட்டையில் படகேறி அவுஸ்திரேலியாவுக்குப் போனான் என்று அவளிடம் சொன்னது அவன் கூட்டாளி பேணாட்தான். அதன்பின் ஒரு தகவலும் இல்லை. அவள் காத்திருந்தாள். அவள் களைத்துப்போகும்வரை பேணாட்டும் காத்திருந்தான்.

“போறதுக்கு முதல் நாள் எங்கட வீட்டை கொண்டந்து தந்தவன். ‘கிறிஸ்டினைப் பார்த்துக்கொள்ளடா’ எண்டவன். இனி இது உமக்குத்தான்,” என்று பேணாட் கிட்டாரை நீட்டினான்.

பேணாட் போனான். தங்கை தையல்காரியிடம் போனாள். கிறிஸ்டின் கிட்டாரைத் தன் பழைய அம்ப் ஒலிபெருக்கியில் செருகி ஒரு கம்பியைத் தட்டினாள்.

சத்தம் அடைத்திருந்தது. வாய்க்குள் எதையோ திணித்துக்கொண்டு பாடுவது போல.

பிக்கப்பின் மூடியைக் கழற்றினாள். காந்தத்தைச் சுற்றிக் கறுப்பு மணல், மயிர்போலச் சிலிர்த்து நின்றது.

பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்த காலத்தில் அந்த மணலைக் கையில் அள்ளியிருக்கிறாள். காந்தத்தில் ஒட்டும் மணல். புல்மோட்டை மணல்.

துணியால் துடைத்தாள். மூடியைப் பூட்டப் போகையில் மணல் திரும்ப இருந்தது.

இம்முறை ஈரமாக.

மறுபடி துடைத்தாள். மறுபடி வந்தது. உப்பும் அழுகலும் கலந்த ஒரு வாடை அறைக்குள் ஏறியது. அம்பிலிருந்து மெல்லிய பிறாண்டல் கேட்டது. மணலை நகத்தால் தோண்டும் சத்தம்.

வயரைப் பிடுங்கினாள்.

பிறாண்டல் நிற்கவில்லை.

சுவரிலிருந்து மின் இணைப்பையும் பிடுங்கினாள். சிவப்பு விளக்கு அணைந்தது.

பிறாண்டல் நிற்கவில்லை.

பேணாட்டுக்குப் போன் எடுத்துத் திரும்ப வரச் சொன்னாள். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே வந்தவனின் சேட்டு வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

“என்ன சத்தமிது? எலியோ?”

“இந்தக் கிட்டார் இவ்வளவு நாளும் எங்க இருந்தது, பேணாட்?”

“எங்கட அலுமாரிக்க.”

“இது புல்மோட்டைக்குப் போகவே இல்லையோ?”

“உமக்கென்ன விசரே? முதல் நாளே தந்திட்டான் எண்டு சொன்னனான்தானே.”

அவள் கிட்டாரை அவன் பக்கம் திருப்பினாள். நாலு பிக்கப்பிலிருந்தும் மணல் வழிந்தது. சிவப்பு உடம்பில் ஐந்து கோடுகளாகப் பிரிந்து, ஒரு கைபோல, அவனை நோக்கி ஊர்ந்தது.

பேணாட் பின்வாங்கினான். முதுகு கதவில் இடித்தது. கதவு திறக்கவில்லை.

“சொல்லுங்கோ,” என்றாள் அவள். “சனிக்கிழமை உங்களோடதான் நான் பீடத்துக்கு முன்னால நிக்கப் போறன். சொல்லுங்கோ.”

அவன் கதவுப் பிடியை இழுத்து இழுத்துப் பார்த்தான்.

பிறாண்டல் நின்றது.

இணைப்பே இல்லாத அம்பிலிருந்து ஒரு நீண்ட மூச்சு வந்தது. ஒரு இருமல். பிறகு, மணல் அடைத்த தொண்டையிலிருந்து, நாலு வருடமாய் அவள் காத்திருந்த குரல்.

“கிறிஸ்டின், நான் படகில ஏறேல்ல. இவன் என்னை உயிரோடதான் மணலுக்க தாட்டவன்.”