பதினேழாம் எண் தட்டு

கிருமி வளர்க்கும் இன்குபேட்டர் கதவின் கண்ணாடியில், உள்பக்கமாக, ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஆவி படிந்திருந்தது. மாடசாமி பார்த்துக்கொண்டிருந்தபோதே அது சுருங்கி மறைந்தது. மறுபடி படிந்தது.

"சலோ மாடா, டப்பாவையே முறைச்சுக்கிட்டு நிக்கிற? போபோடி பஸ் உனக்காக நிக்காது" என்று கிண்டலடித்துவிட்டு சக ஊழியன் ஜெகதீசன் கிளம்பினான். அவனோடு ஆய்வகத்தின் பேச்சுச் சத்தமும் போயிற்று. வெளியே ஜூலை மழை ஜன்னலின் தகரச் சாய்ப்பில் விடாமல் கொட்ட, உள்ளே ஃபினாயிலும் எலிக்கூண்டும் கலந்த வாடையில், குழல்விளக்கின் ரீங்காரத்துக்கு அடியில், யாரோ மெல்ல இழுத்து இழுத்து மூச்சுவிடுவதுபோல் மாடசாமிக்குக் கேட்டது.

இன்டர்காம் அலறியது. மேலதிகாரி அனந்தராமன்.

"எலி எல்லாம் செத்துடுத்து மாடசாமி. இந்தத் தடுப்பூசியும் தேறலை. ப்ராஜெக்டை மூடச் சொல்லிட்டா. பதினேழை இன்னிக்கே ஆட்டோகிளேவ்ல போட்டு அவிச்சுடுங்கோ. ஃப்ரீசர்ல இருக்கறதையும் சேர்த்து. ஒண்ணுகூட மிஞ்சப்படாது."

"சரி சார்."

பதினேழு. எந்த மருந்துக்கும் மசியாத நுரையீரல் கிருமி. அது யாருடைய நெஞ்சிலிருந்து வந்தது என்று அனந்தராமனுக்குத் தெரியாது. ஆய்வகத்தில் நோயாளிக்குப் பெயர் கிடையாது, எண்தான். 2001இல், ஆறு வயது பானு ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறியபோது, மகள் துப்பிய சளியைக் குப்பியில் பிடித்து, இங்கே யாராவது ஒரு வழி கண்டுபிடித்துவிட மாட்டார்களா என்று ஓடிவந்து அந்த எண்ணை ஒட்டியவன் மாடசாமிதான். பதினோராம் நாள் பானு போய்விட்டாள். பதினேழு இருந்தது. வாரம் இருமுறை, ஆட்டு ரத்தம் கலந்த புதுத் தட்டில் மாற்றி, உடம்புச் சூட்டில் வைத்து, மூன்று வருடமாக அவன்தான் வளர்த்தான். சோறூட்டுவதைப் போல.

அவளிடமிருந்து வந்ததில் உயிரோடு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

குப்பிகளை ஆட்டோகிளேவில் அடுக்கினான். தட்டுகளை அடுக்கினான். கடைசித் தட்டு மட்டும் கையை விட்டுப் போகவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி போல.

மூச்சுச் சத்தம் அருகில் வந்தது. ஓர் இழுப்பு. நிசப்தம். மறுபடி இழுப்பு.

"அப்பா..."

மூடியைத் திறந்தான். முகக்கவசத்தை இறக்கினான். குனிந்தான்.

ஒரே மூச்சு. ஆழமாக.

சத்தம் நின்றது.

போபோடி சந்தில் வீட்டுக் கதவைத் திறந்தாள் மனைவி சாந்தகுமாரி. அவள் இடுப்பில் மீனு, பானு போனபின் பிறந்த பத்து மாதக் குழந்தை.

"எம்புட்டு நேரம்? இவ உங்களைத் தேடி அழுதுக்கிட்டே கெடக்கா."

குழந்தையைத் தொடக் கூடாது. அவனுக்குத் தெரியும். பின்னால் நகர்ந்தான். அதற்குள் குழந்தை தாவிவிட்டது.

அவன் நெஞ்சுக்குள் ஏதோ இழுத்தது. சின்னதாக. விசிலடிப்பது போல.

சாந்தகுமாரியின் முகம் வெளுத்தது. பதினோரு ராத்திரி ஆஸ்பத்திரியில் பானுவின் கட்டிலடியில் உட்கார்ந்து இதே இழுப்பைக் கேட்டவள் அவள்.

"என்னங்க அது?"

மாடசாமி மூச்சை அடக்கினான். அடக்கியே நின்றான். உள்ளே இழுப்பு ஓயவில்லை.

மீனு அவன் நெஞ்சில் காதை ஒட்டிவைத்துக் கேட்டாள். சிரித்தாள். பிறகு, பதில் சொல்வதுபோல், வாய் திறந்து மெல்ல இருமினாள்.