இடம் இருக்கோ?

வாமதேவனின் படகு அந்தப் பழைய கப்பல்துறைக்குள் நுழைந்தபோது பிற்பகல் வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. பின்னால் தேம்ஸ் பக்கத்து நீர்க்கதவு மூடிக்கொண்டது. முன்னால் தண்ணீர் ஒரு பெரிய ஏரியைப் போல அகன்று கிடந்தது. ஒரு கரையில் கண்ணாடி மாடிக் குடியிருப்புகள். மறு கரையில் பாதியில் நின்றுபோன கட்டடங்களும் கரிபிடித்த கல் மதிலும்.

வாமதேவனும் பிரியந்தனும் சுவிஸில் ஒரே உணவகச் சமையலறையில் வேலை செய்தவர்கள். விடுமுறை கிடைத்தால் வாடகைப் படகெடுத்து அங்குள்ள பெரிய ஏரிகளைச் சுற்றுவார்கள். லண்டனுக்கு வந்த பிறகும் அந்த ஆசை விடவில்லை. ஹவுன்ஸ்லோவில் கராஜ் நடத்தும் வாமதேவன் பழைய படகொன்றை வாங்கித் திருத்தி வைத்திருந்தார். இந்த ஒக்டோபரில் ஒரு வாரக் கடைசியில் பிரியந்தனையும் அவன் மனைவி குமுதினியையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டிருந்தார். விடிந்தால் அடுத்த வற்றுப்பெருக்கோடு, ஆற்றில் நீர் ஏறும்போது, திரும்பிவிடலாம் என்பது திட்டம்.

படகுகளைக் கட்டிவைக்கும் மிதவை திருத்த வேலைக்காக மூடப்பட்டிருந்தது. அதனால் கல் மதில் பக்கமாகவே போக வேண்டியிருந்தது.

"இந்தத் துறைக்குத்தான் ஒரு காலத்தில எங்கட பக்கத்துச் சரக்கெல்லாம் வந்தது" என்றார் வாமதேவன். "தேயிலை, சணல், கொப்பரா. கப்பல்ல எங்கட ஆக்களும் வேலைக்கு வந்தவை."

"திரும்பிப் போனவையோ?" என்று குமுதினி கேட்டாள்.

"கொஞ்சப் பேர் போனவை, தங்கச்சி. மிச்ச ஆக்கள் இந்தத் துறையிலயே செத்துப் போச்சினம்."

மதிலை நெருங்கும் முன்பே மூடுபனி இறங்கிவிட்டது. முதலில் கண்ணாடி மாடிகள் மறைந்தன. பிறகு மதிலின் மேல்விளிம்பும் மறைந்தது. பிரியந்தன் முன்னுக்கு நின்று கயிற்றை மதிலின் மேல் எறிந்தான். கயிறு கட்டும் இரும்புக் குற்றியில் விழுந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் ஏறிப் போய்க் கட்ட வேண்டும்.

கயிறு கீழே விழவில்லை. மேலே யாரோ பிடித்து இழுத்தார்கள். படகு மெதுவாக மதிலோடு வந்து ஒட்டியது.

"கட்டியாச்சு" என்றது ஒரு குரல், தமிழில்.

பிரியந்தன் சிரித்துக்கொண்டே திரும்பினான். "வாமண்ணை, இஞ்சையும் எங்கட ஆக்கள்தான்."

வாமதேவன் இரும்பு ஏணியால் ஏறிப் போய்ப் பார்த்தார். மதிலின் மேல் யாரும் இல்லை. குற்றியில் கயிறு இறுகக் கட்டப்பட்டிருந்தது. அவருக்குத் தெரியாத முடிச்சு. தண்ணீரில் படாத அந்தக் கயிற்றின் நுனி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

இறங்கி வந்தவர் கைகளைத் துணியில் நெடுநேரம் துடைத்தார்.

குமுதினி வீட்டிலிருந்து கொண்டுவந்த பிட்டையும் மீன் குழம்பையும் சூடாக்கினாள். குழம்பு வாசத்தையும் மீறி வெளியிலிருந்து இன்னொரு வாசம் வந்தது. ஈரச் சாக்கு, தார், நிலக்கரிப் புகை. அவள் யன்னலைச் சாத்தினாள். வாசம் போகவில்லை.

பிரியந்தன் தேத்தண்ணியோடு பின்தட்டில் போய் இருந்தான். அவன் யாரோடோ கதைப்பது கேட்டது.

"எந்த ஊர், தம்பி?" மதிலின் மேலிருந்து அதே குரல்.

"வல்வெட்டித்துறை."

"நாங்களும் அந்தப் பக்கத்து ஆக்கள்தான்."

"அப்பிடியோ? இஞ்ச எங்க இருக்கிறியள்?"

 கொஞ்சம் பொறுத்து, "ஊருக்கோ போறியள்?" என்றது குரல்.

பிரியந்தனுக்கு எல்லாமே விளையாட்டு. ஹீத்ரோவில் பெட்டி ஏற்றும் வேலையிலும் அவனைச் சுற்றி எப்போதும் சிரிப்புத்தான். "ஓம், ஊருக்குத்தான்" என்றான்.

"இடம் இருக்கோ?"

"தாராளமா இருக்கு. வாங்கோ."



பிறகு படகு ஒரு பக்கம் சாய்ந்தது. யாரோ காலெடுத்து வைத்தால் சாய்வதுபோல்.

குமுதினி கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். பின்தட்டில் கணவன் மட்டும்தான் இருந்தான்.

படகு மறுபடியும் சாய்ந்தது.

மறுபடியும்.

ஒவ்வொரு முறையும் நிமிர்ந்தபோது முன்னைவிடக் கொஞ்சம் தாழ்ந்தே நின்றது. யன்னலுக்கு வெளியே தண்ணீர் உயர்ந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் அடித்தட்டுப் பலகையைக் கிளப்பிய வாமதேவன் டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்கு இல்லை" என்றார் மெதுவாக. "பாரம் ஏறுது."

அவர் எஞ்சின் சாவியைத் திருப்பினார். அது ஒருமுறை இருமி அடங்கிவிட்டது. கத்தியை எடுத்துக்கொண்டு முன்னுக்குப் போய்க் கயிற்றை அறுக்கப் பார்த்தார். கத்தி வழுக்கியது. கயிறு இரும்பைப் போல விறைத்திருந்தது.

குமுதினி பின்தட்டுக்குப் போனாள். பனிக்குள் மூச்சுச் சத்தங்கள் கேட்டன. நெருக்கியடித்து நிற்கிறவர்களின் மூச்சு. அவளுடைய முழங்கையில் ஈரத்துணி ஒன்று உரசியது. அங்கே எதுவும் இல்லை.

பிரியந்தன் எழுந்து நின்றிருந்தான். யாருக்கோ வழி விடுகிறவன்போல ஓர் அடி பின்னால் வைத்தான்.

"இஞ்சருங்கோ" என்றாள்.

அவன் திரும்பவில்லை. "பாவம், குமுது. எவ்வளவு காலமா நிக்கினம். கொஞ்சம் தள்ளி நில்லும்."

இன்னோர் அடி பின்னால். அவனுடைய குதிக்கால் படகின் விளிம்பைத் தொட்டது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் கையளவு இடைவெளிகூட இல்லை.

"இடம் காணாது" என்றது குரல். இப்போது அது மதிலின் மேலிருந்து வரவில்லை. அவள் காதருகே வந்தது. "ஒராள் இறங்கினா எல்லாரும் போகலாம்."

பிரியந்தன் தலையாட்டினான். பேருந்தில் முதியவருக்கு இருக்கை விட்டுக்கொடுப்பவனின் முகம் அவனுக்கு.

குமுதினி பாய்ந்து அவனுடைய சட்டையைப் பிடித்தாள். குளிர்ந்த பல கைகள் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக விலக்கத் தொடங்கின. முரட்டுத்தனமாக அல்ல. பொறுமையாக.

கத்த வாய் வரவில்லை. வந்தது வேறு.

"இது ஊருக்குப் போற படகில்லை" என்றாள்.

கைகள் நின்றன.

"அவர் விளையாட்டுக்குப் பொய் சொன்னவர். நாளைக்கு நாங்கள் போறது நோர்பரியில இருக்கிற எங்கட வீட்டுக்கு. அதுவும் இந்த லண்டன்தான். இந்தப் படகு கடலுக்குப் போகாது. உங்களை அங்க கொண்டுபோய் விட எங்களுக்கு ஏலாது. ஏமாத்தினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அவரை விடுங்கோ."

 அவளைச் சுற்றி அத்தனை மூச்சும் அடங்கியிருந்தது.

பிறகு, எங்கோ நடுவிலிருந்து, மிக இளைய குரல் ஒன்று தயங்கித் தயங்கிக் கேட்டது.

"நோர்பரியில எங்கட ஆக்கள் இருக்கினமோ?"

அவள் வாய்க்குள் வந்த 'ஓம்' என்ற சொல்லைப் பற்களால் கடித்து நிறுத்தினாள்.

படகு அசைந்தது. ஒரு பக்கம் மெல்ல உயர்ந்தது. மறுபடியும் உயர்ந்தது. ஏணிக் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக முனகின. யாரும் அழவில்லை. யாரும் திட்டவில்லை. அந்த அமைதியைத்தான் குமுதினியால் தாங்க முடியவில்லை. முன்னுக்கு வாமதேவனின் கையிலிருந்த கயிறு திடீரெனத் துவண்டு, அறுந்து விழுந்தது.

பிரியந்தன் பற்கள் கிடுகிடுக்க அவள் தோளில் சாய்ந்தான். "ஏன் இப்பிடிக் குளிருது?" என்று மட்டும் கேட்டான். தேத்தண்ணியோடு வந்து இருந்ததற்குப் பிறகு எதுவும் அவனுக்கு ஞாபகம் இல்லை.

எஞ்சின் இந்த முறை உடனே பிடித்தது. மூவரும் படகைத் துறையின் நடுவுக்கு ஓட்டிப்போய், விடியும்வரை எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு இருந்தார்கள். காலையில் பனி விலகியது. நீர்க்கதவுக்காரர் கையசைத்து வழியனுப்பினார். அந்த வாரமே வாமதேவன் படகை விற்க விளம்பரம் கொடுத்தார். 

நோர்பரியில் நாட்கள் வழக்கம்போல ஓடின. பிரியந்தன் விடிகாலை ஷிப்டுக்குப் போய் மத்தியானம் வந்து தூங்குவான். சிரிப்புக் குறையவில்லை. சோறு குறையவில்லை. படுக்கும் விதம் மட்டும் மாறியிருந்தது. கட்டிலின் ஒரு விளிம்பில், விழுந்துவிடுவான்போல, ஒடுங்கிப் படுத்தான். கேட்டால், "தெரியேல்லை, அப்பிடித்தான் நித்திரை வருது" என்றான்.

ஒரு சனிக்கிழமை கடைக்குப் போய்வந்த குமுதினி, சாமான்களைக் குசினியில் வைத்துவிட்டு அறைக் கதவைத் திறந்தாள். திரைச்சீலை விலகியிருந்தது. நல்ல வெயில். பிரியந்தன் விளிம்பில் சுருண்டு, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

அவனுக்குப் பக்கத்தில், வெறும் விரிப்பு நீளவாக்கில் அமுங்கியிருந்தது. ஒல்லியான, இளம் உடம்பொன்று படுத்திருப்பதுபோல. தலையணையில் ஈரம் பரவியிருந்தது.

அவள் வாசலிலேயே நின்றாள். கையிலிருந்த சாவி சிணுங்கியது.

அந்தப் பள்ளம் அசைந்தது. விழித்துக்கொண்டதுபோல. பிறகு மரியாதையாக, மெதுவாக, பிரியந்தனின் பக்கம் நெருங்கிப் போய், அவளுக்கு இடம் விட்டது.