மறுபக்கத்துப் பற்கள்

மரம் அறுக்கும் வாளைத் திருப்பியதும் அடைக்கலநாதன் அரத்தைக் கீழே வைத்தான். அவன் இன்னும் தொடாத பற்களும் கூராக மினுங்கின.

தான்தான் பிழை விட்டிருக்க வேண்டும். தன் ஞாபகத்தில் அவனுக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. செய்வதையெல்லாம் பின்னேர வகுப்புக் கொப்பியிலேயே எழுதி வைப்பான். எடுத்துப் பார்த்தான். ‘பற்கள் நூற்று எண்பத்திரண்டு. ஒன்று விட்டொன்றாகத் தொண்ணூற்றொன்று இந்தப் பக்கமிருந்து. பிறகு வாளைத் திருப்பி மிச்சம்.’ இப்போதுதான் திருப்பினான். மிச்சம் முடிந்திருந்தது.

அண்ணன் சிமியோன் இருந்தால் திருப்பத் தேவையில்லை. சமைக்கும் குசினியின் அரைக்கதவின் மேல் இரண்டு பலகைகளுக்கிடையில் வாளை இறுக்கிவிட்டு, தம்பி உள்ளே, அண்ணன் வெளியே, ஆளுக்கொரு பக்கமாக அரத்தால் ராவுவார்கள். கடல்வழியே கிளாலிக்கு வள்ளம் திருத்தப் போன சிமியோன் ஐந்து நாளாக வரவில்லை. நல்ல வாள்களும் அவனோடு போய்விட்டன. மூலையில் கிடந்த இந்தத் துருப்பிடித்த வாளைத்தான், விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் பாதியை ஊற்றி ஊறவைத்து, செங்கல் தூளால் தேய்த்து எடுத்திருந்தான்.

அயல்வீட்டு இன்னாசித்தம்பியின் வள்ளத்தில் ஒரு பலகை உக்கிவிட்டது. அதை அறுத்து மாற்றினால்தான் விடிய வள்ளம் சிமியோனைத் தேடிப் போகும்.

“உன்ரை கையெழுத்து வடிவுதான்டா தம்பி. பலகை கொப்பியில்லை, கண்டியோ? கூராய்க் கொண்டு வா,” என்று மத்தியானம் அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அவன் எல்லாப் பற்களின் நுனியையும் மறுபடி மட்டமாக மழுக்கினான். மறுபக்கத்துக்குரிய பற்களில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்தான். வாளைத் திரும்ப அரைக்கதவில் இறுக்கி, விளக்கைக் கொளுத்தி வைத்து, முதலிலிருந்து தொடங்கினான். வெளியே கோயில் மணி அடித்து ஓய்ந்து, குருநகர்க் கரையிலிருந்து சேற்று மணமும் அழுகிய சாதாளைப் பாசி மணமும் மெல்ல மெல்ல ஏறி, வேலிக்கும் கதவுக்கும் நடுவிலிருந்த கொஞ்ச வெளிச்சத்தையும் இருட்டு குடித்துக்கொண்டிருந்தது.

அரம் தள்ளும்போதுதான் கீச்சிடும். இழுக்கும்போது சத்தம் வராது.

இழுக்கும்போதும் கீச்சிட்டது.

அவன் நிறுத்தினான். அந்தச் சத்தம் இன்னொரு முறை கேட்டு, பிறகு நின்றது. வாளின் தகடு விரல்களுக்குள் அதிர்ந்தது. அரைக்கதவுக்கு வெளியே யாருமில்லை. புள்ளி வைத்த பல்லில் புள்ளி இல்லை. பலகையின் வெளிவிளிம்பில் தண்ணீர். உப்புத் தண்ணீர். மழை பெய்யவில்லை.

எழும்பி ஓடலாம். ஓடினால் வாள் முடியாது. வள்ளம் போகாது. அவன் ராவினான். தள்ளினான், கீச். இழுத்தான், கீச். அண்ணனும் அவனும் ராவுவதைப்போலவே, அதே வேகத்தில்.

உள்ளறையில் கட்டில் முனகியது.

“சிமியோன் வந்திட்டானே?” அம்மா மக்டலீன் சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். கண்ணில் பூ விழுந்து இரண்டு வருடம். “ரெண்டு அரம் கேக்குது.”

“அம்மா, ஒருத்தருமில்லை. போய்ப் படுங்கோ.”

“விசரன். அண்ணை வந்தால் உள்ளுக்குக் கூப்பிடத் தெரியாதே?”

“அம்மா, வெளியாலை போகாதையுங்கோ!”

அவள் கதவுக் கொண்டியைத் தள்ளினாள். வாளோடு அரைக்கதவு திறந்தது. அவன் விளக்கைத் தூக்கினான்.

முற்றத்தில் அம்மா மட்டும்தான் நின்றாள். தன் உயரத்துக்கு மேலே கைகளை நீட்டி, முந்தானையால் வெறுங்காற்றைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

“ஐயோ மோனை, இப்பிடி நனைஞ்சு போய். கொஞ்சம் குனி.”

கைகள் தாழ்ந்தன. முந்தானை நனைந்து சொட்டத் தொடங்கியது. சேலை முழங்கால் வரை கறுத்தது. அவள் விரல்கள் காற்றில் ஒரு நெற்றியைத் தடவின. புருவத்தை. அதற்குக் கீழே.

நின்றன.

இரண்டு விரல்கள் மெதுவாக, ஆழமாக, உள்ளே போயின.

“தம்பி,” என்றாள் அம்மா, கையை எடுக்காமல். “இவன்ரை கண் எங்கையடா?”