வேண்டாம் பட்டியல்

முதல் பதிலைப் படித்தபோது, யாரோ வேறொரு ஆட்டத்துக்கு எழுத வேண்டியதைத் தவறி இந்தப் படிவத்தில் எழுதிவிட்டார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். 'இந்த ஆண்டில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?' என்ற கேள்விக்குக் கீழே, 'பரண் காட்சிதான். மூன்று நாள் விளக்கை அணைக்காமல் படுத்தேன். பிரமாதம்!' என்றிருந்தது. அவள் பரண் காட்சி எதையும் நடத்தியதில்லை. நடத்தவும் மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, பகல் மூன்று மணி. காலையில் பிடித்த மழை விட்டபாடில்லை. ஜன்னல் கம்பிகளில் நீர் கோத்துக்கொண்டு நிற்க, கீழ்வீட்டு வானொலியில் யாரோ சிரிப்பது சுவர் வழியே கேட்க, உள்ளறை மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் கோடு போட்ட நோட்டும் சிவப்புப் பேனாவுமாக அவள் உட்கார்ந்திருந்தாள். ஆண்டுக்கு ஒருமுறை ஆட்டக்காரர்களிடம் கருத்துக் கேட்பாள். ஒவ்வொரு பதிலையும் படித்து, குறித்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றிக் கடிதம் எழுதுவாள். 'அரசாங்க ஆபீஸ்ல போட வேண்டிய ஆளு, தப்பிச்சு ஆட்டத்துக்குள்ள வந்துட்டே' என்பாள் தங்கை.

ஆட்டத்தின் பெயர் உப்புக்கோட்டை. ஆறு வருடமாக இணையத்தில் நடக்கிறது. நாற்பத்தொரு பேர். ஆளுக்கொரு வேடம் போட்டுக்கொண்டு, இல்லாத ஓர் ஊரில் வாழ்ந்து, எழுதி எழுதியே ஆடுவார்கள். கதையை நடத்திக்கொண்டு போகிறவருக்குக் 'கோட்டைக்காரர்' என்று பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் அக்கா தங்கை இருவர் இருப்பது எல்லாருக்கும் தெரியும். எந்த நாளில் யார் என்பது தெரியாது. அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை பார்க்கிற அவளுக்கு, வாரப் பத்திரிகை முடிகிற வியாழக்கிழமை மாலைகளில் நேரம் இருக்காது. அன்று மட்டும் தங்கை நடத்துவாள். ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் அவள்.

இரண்டாவது பதிலைத் திறந்தாள். 'பரண்.' மூன்றாவது. 'பரணில் இருக்கிற அந்தப் பெண்.' நான்காவதை எழுதியவர் 'இரும்புச்சட்டி' என்ற பெயரில் ஆடும் லாரி ஓட்டுநர். எதையும் சுலபத்தில் மெச்சாத மனிதர். 'வண்டியில் தனியாகப் போகும்போது பின்னாடி பார்க்கவே யோசிக்க வேண்டியிருக்கு, கோட்டைக்காரரே. நல்லா இருங்க!'

சிவப்புப் பேனாவை அவள் மூடி வைத்தாள்.

உப்புக்கோட்டையில் சேருகிற எவரும் முதலில் எழுதித் தர வேண்டியது ஒரு பட்டியல். எது ஆட்டத்தில் வரவே கூடாது, எது வந்தால் தன்னால் தாங்க முடியாது என்று எழுதித் தர வேண்டும். 'வேண்டாம் பட்டியல்' என்று அதற்குப் பெயர் வைத்தவளும் அவள்தான். ஒருவர் சிலந்தி என்று எழுதியிருந்தார். ஒருவர் ஆஸ்பத்திரி வாசனை. ஒரு தாய், தண்ணீரில் விழும் குழந்தை. ஆறு வருடத்தில் ஒரு வரிகூட வெளியே கசிந்ததில்லை. அவளும் தன் பட்டியலை எழுதித் தங்கையிடம் மட்டும் கொடுத்திருந்தாள். அதில் ஒரே வரி. 'பரணில் குப்புறப் படுத்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் பெண்.'

ஒன்பது வயதில், காய்ச்சலில் கிடந்தபோது பார்த்தது. மூன்று நாள் பார்த்தாள். காய்ச்சலில் வந்த மயக்கம் என்று மருத்துவரே சொன்னார். ஆனாலும் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, நடையில் குளியலறைக் கதவுக்கு மேலே இருந்த பரணைப் பார்த்துவிட்டு அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். தங்கைதான் தச்சரைக் கூட்டிவந்து பரணுக்குப் பலகைக் கதவு போட்டு, இரண்டு தாழ்ப்பாளும் வைத்து, தன் பெட்டிகளை உள்ளே அடைத்துவிட்டு, "இப்ப அந்தம்மா வந்தாலும் படுக்க இடமில்லக்கா, ஹவுஸ்ஃபுல்" என்றாள். அன்று இருவரும் சிரித்த சிரிப்பு அவளுக்கு இன்னும் நினைவிருந்தது.

தங்கை ஒன்பது நாளைக்கு முன்னால் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். ஆபீசுக்குப் பக்கமாம். பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு.

வியாழக்கிழமை ஆட்டங்களின் பதிவுகள் எல்லாம் சேமிப்பில் இருந்தன. அவற்றைத் திரும்பப் படிப்பது தங்கையைச் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடும் என்று அவள் ஒருநாளும் திறந்ததில்லை. இப்போது திறந்தாள். பன்னிரண்டு வாரம். ஒவ்வொரு வாரமும் மாலை ஆறு மணிக்குத் தொடங்கியிருந்தது.

முதல் வாரம், கோட்டைக்காரர் ஒரு முகத்தை மட்டும் எழுதியிருந்தார். பரண் விளிம்பில் மோவாயை ஊன்றிக்கொண்டு, தெரிந்தவரைப் பார்ப்பதுபோல் பார்க்கும் முகம். எழுத்து தங்கையுடையது. அவளுக்கே உரிய அவசரம், அவளுக்கே உரிய ஒற்றுப்பிழைகள். கடைசியில் ஒரு கேள்வி: 'அடுத்து என்ன வேண்டும்?' 'கடுகு' என்ற பெயரில் ஆடும் கல்லூரிப் பெண், கை தெரியட்டும் என்று கேட்டிருந்தாள். இரண்டாவது வாரம் கை தெரிந்தது. 'நத்தை' என்கிற ஓய்வுபெற்ற செவிலியர், தலைமுடி தொங்கட்டும் என்றார். மூன்றாவது வாரம் தொங்கியது. ஈரமாக.

இரண்டாவது வாரத்திலிருந்து ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை.

நான்காவது வாரத்தில் அந்த வரி வந்தது. அந்தப் பெண் கொண்டை போடப் போகிறவள்போல் பல்லுக்கு நடுவில் ஒரு கொண்டை ஊசியைக் கடித்துக்கொண்டிருந்தாள், அதனால்தான் பேசவில்லை.

அவள் நாற்காலியை விட்டு எழுந்து, பிறகு எங்கே போவதென்று தெரியாமல் உட்கார்ந்தாள். காய்ச்சலில் அவள் பார்த்த அந்த ஊசியைப் பட்டியலில் எழுதவில்லை. தங்கையிடம் சொல்லவில்லை. மருத்துவரிடமும் அம்மாவிடமும்கூடச் சொல்லவில்லை.

மழையின் ஓசைக்கு அடியில், துவட்டாமல் முடிந்த தலைமுடியின் வாடை வீட்டில் இருந்தது. இரண்டு மூன்று மாதமாகவே இருந்தது. சுவர் ஓதம் என்று நினைத்து அவள் தினமும் நடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போன மாதம் தலையணையில் முழ நீளத்துக்கு ஒரு முடி கிடந்தது. அக்கா, தங்கை இருவருக்குமே கழுத்துக்கு மேல் வெட்டிய முடி.

தங்கைக்குப் போன் செய்தாள்.

"என்னக்கா, சாப்டாச்சா?"

"வியாழக்கிழமையில என்னடி நடத்தினே?"

அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம். "யார் சொன்னா?"

"கருத்துக் கேட்டேன்ல. எல்லாரும் சொல்றாங்க. எழுத்துல."

"போன வருஷம் என்ன எழுதினாங்கன்னு மறந்துட்டியா? பயமே இல்ல, பாலர் வகுப்பு மாதிரி இருக்குன்னு. பாதிப் பேரு மூட்டை கட்டிட்டு நின்னாங்க. நீ உக்காந்து நன்றிக் கடிதம் எழுதிட்டிருந்தே. யாராவது ஆட்டத்தைக் காப்பாத்தணுமில்ல?"

"என் பட்டியலை எடுத்தா?"

"ஒரே ஒரு வாரம்னு நெனச்சேன்க்கா."

"பன்னெண்டு வாரம் கெடக்கு."

"நான் ஒரு வாரம்தான் நடத்தினேன்." தங்கையின் குரல் தணிந்தது. "ரெண்டாவது வாரம் நான் உள்ள போனப்பவே ஆட்டம் ஓடிட்டிருந்துச்சு. கோட்டைக்காரர் பேர்லயே. நீதான் கண்டுபிடிச்சு, என்னைக் கிண்டல் பண்றேன்னு நெனச்சேன். அப்புறம் அந்த ஊசி வந்துச்சு. நீ அப்படி எழுதமாட்டேன்னு தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் எங்கிட்ட வாயத் திறக்கல."

அந்தப் பக்கம் குழாயைத் திறந்து மூடுகிற சத்தம்.

"கேக்கறேன்ல?"

"எனக்கு ஒரு ஃபார்ம் வந்துச்சுக்கா. நாம அனுப்புற மாதிரியே. ஒரே ஒரு கேள்வி. 'யாரிடம் இறங்கட்டும்?' கீழ ரெண்டு கட்டம். ஒண்ணுல அக்கா. ஒண்ணுல தங்கை." மூக்கை உறிஞ்சினாள். "மூடிப் பாத்தேன், மூடல. லேப்டாப்பை அணைச்சா போன்ல வருது. மூணு நாள் தூங்கலக்கா நான்."

"எதைத் தொட்டே?"

மழை. வானொலிச் சிரிப்பு. தங்கையின் மூச்சு.

"அதனாலதான் வீடு மாத்தினியா?"

"இந்த வீட்ல பரண் இல்லக்கா" என்றாள் தங்கை. இணைப்பு அறுந்தது.

பயத்தைவிட அந்தக் கட்டம்தான் முதலில் உறைத்தது. அக்கா என்று எழுதியிருந்த கட்டம். தங்கையைப் பள்ளிக்குக் கூட்டிப்போன விரல், காய்ச்சலுக்கு நெற்றியில் வைத்த விரல், தன் கையால் சோறு பிசைந்து ஊட்டிய விரல், எல்லாம் சேர்ந்து வளர்த்த தங்கையின் விரல் அதைத் தொட்டிருக்கிறது. தொட்டுவிட்டு, பெட்டிகளை இறக்கிக்கொண்டு, போகும்போது கட்டிப்பிடித்து முத்தமும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

பெட்டிகளை இறக்கியவள் தாழ்ப்பாளைப் போட்டாளா?

நடைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். தெருக்கதவுக்குப் போவதற்கும் நடையைத்தான் தாண்ட வேண்டும். உள்ளறை ஜன்னலுக்குக் கம்பி. அவள் கதவுவரை போனாள். நடையில் பகல் வெளிச்சம் பாதி தூரத்துக்கு மேல் வரவில்லை. குளியலறைக் கதவு தெரிந்தது. அதற்கு மேலே, பலகைக் கதவின் அடி விளிம்பு தெரிந்தது. அது சுவரோடு ஒட்டியிருக்கவில்லை. காற்றே இல்லாத நடையில் அது ஒருமுறை மெல்ல ஆடி, சட்டத்தில் பட்டு, 'டொக்' என்றது.

அவள் அறைக்கதவைச் சாத்தித் தாழிட்டாள்.

லேப்டாப்பில் மணி அடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் கிடையாது. ஆனாலும் ஆட்டத்தின் பொது அறையில் கோட்டைக்காரர் எழுதியிருந்தார்:

'ஆட்டம் தொடங்குகிறது. ஒரு பெண் அறைக்கதவைத் தாழிடுகிறாள்.'

பெயர்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. கடுகு. நத்தை. இரும்புச்சட்டி. பத்து. இருபது. ஆறு வருடத்து மனிதர்கள். இவர்களுடைய பிள்ளைகளின் பரீட்சை, இவர்களுடைய முதுகுவலி, இவர்களுடைய கண் ஆபரேஷன், எல்லாம் அவளுக்குத் தெரியும்.

'கதவுக்கு மேலே காற்று வருவதற்கு ஓர் இடைவெளி இருக்கிறது. அதை அவள் மறந்துவிட்டாள்.'

"அய்யய்யோ" என்று எழுதினாள் கடுகு. "ஸ்பெஷல் ஷோவா! சொல்லவே இல்ல!"

அவள் மேலே பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்து, ஆட்டத்தின் முதல் விதியை எழுதினாள். அதுவும் அவள் வகுத்ததுதான். யார் எழுதினாலும், எந்த நேரத்தில் எழுதினாலும், அந்தக் கணமே எல்லாரும் ஆட்டத்தைக் கைவிட வேண்டிய சொல்.

'போதும்.'

அது அவளுடைய சொந்தப் பெயரில் திரையில் ஏறியது. அதற்குச் சரியாக ஒரு வரி மேலே, அவளுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது:

'அவள் இப்போது போதும் என்று எழுதுவாள். அது கதையில் உள்ளது.'

"செம!" என்றாள் கடுகு.

"அக்காவே நடிக்கிறாங்களா? பின்றாங்களே!" என்றார் இரும்புச்சட்டி.

'போதும். நிஜமாகச் சொல்கிறேன். கடுகு, நிஜம்மா. நத்தை அம்மா, நீங்களாவது நம்புங்க. யாரையாவது வீட்டுக்கு அனுப்புங்க.'

"கை நடுங்குதும்மா படிக்கையில" என்று எழுதினார் நத்தை. "இவ்வளவு தத்ரூபமா யாரும் எழுதினதில்ல."

தலைக்குப் பின்னால், உயரத்தில், ஈரத்துணி மரத்தில் உரசுகிற சத்தம். நின்றது. மீண்டும்.

'இறங்கட்டுமா?' என்று கேட்டார் கோட்டைக்காரர்.

ஆம். ஆம். ஆம். எண்கள் ஓடின. பதினேழு. இருபத்தொன்பது. சிரிக்கும் முகங்கள், கைதட்டும் கைகள். நாற்பதில் வந்து நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாற்பதையே பார்த்தாள். ஒருவர் பாக்கி. பெயர்ப் பட்டியலில் கடைசியாக ஒரு பெயர் பச்சையாகியிருந்தது. 'அணில்.' தங்கை ஆட்டத்தில் வைத்துக்கொண்ட பெயர்.

அணில் எழுதிக்கொண்டிருந்தது. நிறுத்தியது. எழுதியது.

"மன்னிச்சிடுக்கா."

பிறகு:

"ஆம்."

வாடை அறை முழுக்க வந்துவிட்டது. மழை கேட்கவில்லை. வானொலி கேட்கவில்லை.

அவள் கழுத்தில் ஒரு சொட்டு.

இன்னொரு சொட்டு.

இரண்டு கைகள். மேலிருந்து. அவள் முகத்துக்கு இரண்டு பக்கமும், தொடாமல், நிதானமாக இறங்கின. தூங்கும் குழந்தையின் பிடியிலிருந்து பொம்மையை எடுப்பதுபோல, அவள் விரல்களை ஒவ்வொன்றாக விசைப்பலகையிலிருந்து எடுத்து மேசை ஓரத்தில் வைத்தன. பிறகு அவை எழுதின. வேகமாக. பிழையில்லாமல்.

'இன்றைய ஆட்டம் எப்படி இருந்தது? அடுத்து என்ன வேண்டும்?'

முதல் பதில் வந்தது. ஐந்து நட்சத்திரம். இரண்டாவது. ஐந்து. அவள் தலைக்கு மேலே அது குனிந்து ஒவ்வொன்றையும் பொறுமையாகப் படித்துக்கொண்டிருந்தது. அது படிக்கப் படிக்க, ஈரமான தலைமுடி அவள் மடியில் இறங்கிக்கொண்டே இருந்தது.