படியில் வெள்ளைப் பொடி

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த டாக்டர் மாடிப்படியின் அடியிலேயே நின்றுவிட்டார். கறுப்புக் கல் படிகள் வெளுத்துக் கிடந்தன. அந்த வெளுப்பின் மேல் சின்னச் சின்னக் காலடிகள் மேலே ஏறிப் போயிருந்தன. அவற்றில் ஒன்றுகூட இறங்கி வரவில்லை.

வேறு நாளாக இருந்தால் கூட்டிப் பெருக்க ஆளில்லையா என்று கத்தியிருப்பார். இருபது வருடமாக ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் தொழிற்சாலையில் கம்பெனி டாக்டர். கத்துவதற்குத்தான் பாதிச் சம்பளம். இருமிக்கொண்டு வருகிறவனிடம் ஒரே கேள்வி கேட்பார், "பீடி புடிப்பியா?" ஆமாம் என்று தலையாட்டினால் போதும், நோய்க்குப் பீடிதான் காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஷீட் தூசியும் புகையும் ஒரே நெஞ்சில் சேர்ந்தால் நுரையீரலில் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு என்று அவருக்குத் தெரியும். அதில் பாதியை மட்டும் எழுதுகிற மகா கெட்டிக்காரர்.

இன்று காலை வந்தவளிடம் அந்தக் கெட்டிக்காரத்தனம் பலிக்கவில்லை. தொழிலாளி ஒருவரின் மனைவி, தொழிற்சாலை வாசலைக்கூட மிதித்திராதவள். நுரையீரலைச் சுற்றிய சவ்வில் புற்றுநோய். வெட்கமே இல்லாமல் அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டார்.

"துணிதான் சார் தொவைச்சேன்," என்றாள், நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியபடி. "அவரு வேலை விட்டு வந்ததும் சட்டைய உதறி உதறித்தான் ஊற வெப்பேன். கல்யாணமான புதுசுல. முப்பது வருஷம் ஆச்சு."

நெஞ்சுக்குள்ளே போன ஆஸ்பெஸ்டாஸ் நார் முப்பது, நாற்பது வருடம்கூடச் சத்தமில்லாமல் கிடக்கும் என்பதும் அவர் படித்ததுதான். அப்புறம் பார்க்கலாம் என்று அவளை அனுப்பிவிட்டார். அந்த 'உதறி உதறி' மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

மாடியில் ஏதோ சத்தம் கேட்டது. ஷீட் அறுக்கும் மெஷின் இல்லை. மாடியில் அறை போடும் வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மெதுவாக, ஒரே தாளத்தில், சர்... சர்... என்று எதுவோ உரசிக்கொண்டிருந்தது. ஈரச் சிமெண்டும் சுட்ட கல்லும் கலந்தது போன்ற வாசனை படிவழியாக இறங்கி வந்து தொண்டையில் ஒட்டியது.

"பாப்பா எங்க?" என்றார்.

"மேலதாங்க இருக்கா," என்று மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "லீவு விட்டதுலேர்ந்து அங்கதான் குடித்தனம். இன்னிக்கு மாவு சல்லடையையும் தூக்கிட்டுப் போயிட்டா. பவுடர் கடை வெச்சிருக்காளாம்!"

ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற மனிதர் அவர். தொழிற்சாலையின் பழைய கொட்டகையைப் பிரித்தபோது மேனேஜர் இனாமாகத் தள்ளிவிட்ட ஷீட்டுகளைப் பல்லிளித்து வாங்கி வந்திருந்தார். மகளுக்கு மாடியில் ஓர் அறை போட. மூன்று வாரமாக அறுப்பு, துளையிடல், தூசி. தூசிக்கு முதலாளி வீடு, டாக்டர் வீடு என்ற மரியாதையெல்லாம் கிடையாது என்பது அவருக்கு இன்றைக்குத்தான் உறைத்தது.

ஏறினார். கைப்பிடிச் சுவரில் பொடி. சட்டைக் கையில் பொடி. உதறக் கை போனது. உதறவில்லை.

மகளுக்கு ஆறு வயது. முப்பதைக் கூட்டினால் முப்பத்தாறு. நாற்பதைக் கூட்டினால்...

சர். சர்.

கதவு திறந்துதான் இருந்தது. ஜன்னல் வெயிலில் அறை முழுக்க மினுமினுப்பு. நடுவில் அவள். தலைமுடி வெள்ளை. புருவம் வெள்ளை. இமை வெள்ளை. கையில் சல்லடை. சலித்த பொடி மடியில் குவியலாக.

"அப்பா!"

எழுந்தாள். மடிப் பொடி கொட்டி மேலே கிளம்பியது. கைகளை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

பெற்ற அப்பன் என்ன செய்திருக்க வேண்டும்? அள்ளிக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும். அவர் கை தன் மூக்கையும் வாயையும் பொத்தியது. கால் ஒரு படி பின்னால் போனது.

அவள் நின்றாள். பொத்திய கையையும் பிதுங்கிய கண்களையும் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"மூச்சுப் புடிக்கற வெளையாட்டாப்பா? நான்தான் ஜெயிப்பேன்!"

புகையாய் மிதந்த பொடிக்கு நடுவில், தோளை உயர்த்தி, வாயை ஆவென்று திறந்து, நெஞ்சு கொண்ட மட்டும் இழுத்தாள். வாயை மூடினாள். வெள்ளைக் கன்னங்கள் உப்பி நிற்க, ஒரு துளியும் வெளியே விடாமல், சிரிக்கும் கண்களோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.